காப்பிக்கு மாற்று

எங்கள் கிடங்கில் நாற்பது பேர் மூட்டை தூக்குகிறோம். மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. லாரியிலிருந்து இறங்கி அடுக்கில் ஏறும். பிறகு அடுக்கிலிருந்து இறங்கி வேறொரு லாரியில் ஏறும். போன மாதம் நான் ஏற்றிய மூட்டையே ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டதோ என்று சில நாள் சந்தேகம் வரும். கேட்டால் எங்கள் மேஸ்திரி, "மூட்டைக்கு முகமா இருக்கு, அடையாளம் பார்க்க? குனிய்யா" என்பார்.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் முதுகைச் சோதித்தார்கள். குனியச் சொன்னார்கள். நிமிரச் சொன்னார்கள். முதல் உத்தரவுக்கு உடனே கீழ்ப்படிந்த நாங்கள் பலர், இரண்டாவது உத்தரவுக்குக் கீழ்ப்படியக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டோம். நாற்பதில் முப்பத்தொரு முதுகு பழுது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று என்னுடையது. இடுப்பில் நாலாவது எலும்பும் ஐந்தாவது எலும்பும் பங்காளிகள் மாதிரி உரசிக்கொண்டிருக்கின்றன, இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று வெளியில் ஒரு டாக்டர் ஏற்கெனவே சான்று எழுதிக் கொடுத்திருந்தார். சான்றை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாரம் தூக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, நலவாழ்வுக் குழு என்று ஒன்று வந்தது. அவர்கள் பேச மேடை வேண்டும் என்றார்கள். நாங்கள் மூட்டைகளை அடுக்கி மேலே விரிப்பு விரித்தோம். நலவாழ்வு அதிகாரி அதன்மேல் ஏறி நின்றார். ஆளே இஸ்திரி போட்டு வைத்த மாதிரி இருந்தார்.

"முப்பத்தொரு பேரையும் ஆராய்ஞ்சு பார்த்தோம். எல்லார்கிட்டயும் பொதுவா ஒரே ஒரு விஷயம் இருக்கு" என்றார்.

நாங்கள் எல்லோரும் அவர் காலுக்குக் கீழே பார்த்தோம். அவர் பார்க்கவில்லை.

"முப்பத்தொரு பேரும் காப்பி குடிக்கிறவங்க!"

மேஸ்திரி கையைத் தூக்கினார். "ஐயா, மத்த ஒம்பது பேரும் குடிக்கிறாங்களே?"

"குடிக்கிறாங்க இல்ல? அப்ப அவங்களுக்கும் வரும். வராம தடுக்கத்தான் நாங்க வந்திருக்கோம்."

மேலாளர் முதலில் கை தட்டினார். பிறகு அவர் யார் யார் தட்டவில்லை என்று பார்த்ததால் நாங்களும் தட்டினோம்.

பின்வரிசையில் மொட்டை இருந்தான். பெயர்தான் மொட்டை, தலைமுடிக்கு ஒரு குறையும் இல்லை. அவன் கேட்டான்: "மூட்டையை இருபத்தஞ்சு கிலோவா குறைச்சா நல்லதுங்களே?"

அதிகாரி அவனைப் பரிவோடு பார்த்தார். "எடைக்கு எடைக் குழுன்னு தனியா இருக்கு. எங்களுக்குக் கொடுத்திருக்கிறது உடம்புக்குள்ள போற விஷயம் மட்டும். உடம்பு மேல ஏறுறது வேற துறை. ஒருத்தர் அதிகாரத்துல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது, தம்பி. அது ஆரோக்கியமான பழக்கம் இல்ல."

அன்றோடு காபிக்குத் தடை. இனிமேல் பச்சைத் தேநீர்.

உத்தரவை வாசல் கரும்பலகையில் எழுத வேண்டும் என்றார்கள். எங்கள் குமாஸ்தாவின் கையெழுத்தை அவரே மறுநாள் படிக்க முடியாது. அதனால் பலகையில் எழுதுவது என் வேலை. நான் எழுத்துக் கூட்டப் படித்தது ஐம்பத்தோராவது வயதில், மாலை வகுப்பில். அவசரமாக எழுதத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் மூட்டை மாதிரி தூக்கி, இடம் பார்த்து வைப்பேன். அதனால் தூரத்திலிருந்தும் தெரியும். "வாய் எப்படிச் சொல்லுதோ கை அப்படி எழுதணும்" என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வாய் சொன்னபடி எழுதினேன்:

இன்று முதல் இங்கு காப்பி முழுவதும் தடை. காப்பிக்கு மாற்று பச்சைத் தேநீர்.

மேலாளர் அதற்குக் கீழே சாக்குக்கட்டியால் கையெழுத்துப் போட்டார். அதைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அதுவே சுற்றறிக்கை ஆனது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. படித்தவர்கள் குடிப்பதைக் காபி என்றும், காகிதத்தைப் பார்த்து எடுப்பதைக் காப்பி என்றும் எழுதுகிறார்களாம். நடுவில் புள்ளி வைத்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். எங்கள் கிடங்கில் யார் வாயிலும் இரண்டும் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்துத் தடுப்புப் படை வந்தது. இரண்டு பேர், கையில் அரக்கும் முத்திரையும். வாசல் காவலரிடம், "காப்பி மெஷின் எங்க?" என்று கேட்டார்கள். காவலர் நேர்மையான மனிதர். முதல் மாடியைக் காட்டினார். அவர்கள் மேலே போய் நகல் எடுக்கும் இயந்திரத்தைச் சுற்றி நாடா கட்டி அரக்கு வைத்தார்கள். பலகையில் எழுதியிருப்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்கள். எல்லாம் பொருந்தியது. படியேறி இறங்கிய களைப்பில் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கேன்டீன்காரர் உத்தரவை மதிக்கிறவர். பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணீர்தானே, பச்சைத் தேநீர் என்றால் காய்ச்சாத தேநீராகத்தான் இருக்க வேண்டும் என்று, குழாய்த் தண்ணீரில் தேயிலைத் தூளைக் கொட்டிக் கலக்கித் தந்தார். மேஸ்திரி ஒரு வாய் குடித்து, பல்லில் ஒட்டிய தூளைத் துப்பிவிட்டு, "யோவ், இதைக் குடிச்சா முதுகுவலி தெரியாதுதான். வயித்துவலி முந்திக்கும்" என்றார்.

அன்று மதியமே சரியான சரக்கு வந்துவிட்டது. நூல் வால் வைத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள், நானூறு பெட்டி, ஒரு லாரி நிறைய. பொழுது சாயும்வரை நலவாழ்வு எங்கள் முதுகு வழியாகத்தான் கிடங்குக்குள் இறங்கியது.

நான் இந்தக் காபிக் கதையில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. என் கவலை வேறு. வாசல் காவலர் அந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் எனக்கு வேண்டும். வாசலில் வேலை என்ன? வண்டி வந்தால் கயிற்றை இழுத்துத் தடுப்புக் கம்பைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். முக்கியமாக, அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. முதுகு சாய்க்கிற நாற்காலி. பதினெட்டு வருடமாக அதைக் கடந்து மூட்டையோடு போயிருக்கிறேன். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தைத் திங்கட்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். கடைசி வரியில், "மருத்துவச் சான்று, மூன்று காப்பி, கிடங்கு முத்திரையுடன்" என்று இருந்தது. அந்த முத்திரை மாடி அறையில் மட்டும்தான் உண்டு. வெளியில் எடுத்தால் செல்லாது. புதன்கிழமை மூட்டை இல்லாத நேரம் பார்த்து மாடி ஏறினேன்.

நகல் அறையில் இருப்பவரை எல்லோரும் வெளிச்சத்தக்கா என்போம். அந்த இயந்திரம் வெளிச்சம் அடித்து அடித்து அந்தப் பெயர் வந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் அக்கா. இந்த உறவுமுறையை இதுவரை யாரும் தட்டிக் கேட்டதில்லை.

"அக்கா, மூணு காப்பி."

அவர் அரக்கு வைத்த இயந்திரத்தைக் காட்டினார். "காப்பி தடைண்ணே."

"அது குடிக்கிற காப்பி அக்கா."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு? பலகையில நல்லா பெரிசா, கொட்டை எழுத்துல காப்பின்னுதான் இருக்கு. எந்தப் பாவி எழுதினானோ."

"நான்தாங்க எழுதினேன்."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நடுவுல ஒரு புள்ளி வச்ச எழுத்தைப் போட்டுத் தொலைச்சீங்களே, அதை விட்டிருந்தா அது குடிக்கிறதுண்ணே. கூடப் போட்டதால இது எடுக்கிறது."

ஒற்றை எழுத்து. ஐம்பது வருடம் எழுத்தே இல்லாமல் இருந்தேன், ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை.

மேலாளரிடம் ஓடினேன். பலகையில் அந்த எழுத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது எப்படி அழிப்பே? கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அது தப்புன்னா நான் தப்புக்குக் கையெழுத்துப் போட்டேன்னு ஆகும். நான் தப்புக்குக் கையெழுத்துப் போடுற ஆள் இல்ல. அதனால அது தப்பு இல்ல."

"வெள்ளிக்கிழமைக்குள்ள நான் விண்ணப்பம் கொடுத்தாகணுங்க."

"சரி, தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுறேன்" என்றார். எழுதினார். கேள்வியைப் படிக்காமலே எழுதினார்களோ, படித்துவிட்டுத்தான் எழுதினார்களோ, வியாழக்கிழமை பதில் வந்தது: "காப்பிக்கு மாற்று பச்சைத் தேநீர் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. எல்லாப் பிரிவுகளிலும், எல்லாப் பயன்பாடுகளுக்கும் இது பொருந்தும். காப்பி எத்தனை தேவையோ அத்தனை பச்சைத் தேநீர் வழங்கப்பட வேண்டும்."

குமாஸ்தா அதை மூன்று முறை படித்தார். என் விண்ணப்பத்தையும் ஒரு முறை படித்தார். பிறகு எழுந்துபோய் பெட்டியிலிருந்து பச்சைத் தேநீர்ப் பொட்டலம் மூன்று எடுத்து வந்தார். அவற்றை என் மருத்துவச் சான்றோடு சேர்த்துக் குத்தினார். நூல் வால்கள் மூன்றும் கீழே தொங்கின.

"இது என்னங்க?"

"மூணு காப்பி."

"முத்திரை?"

குமாஸ்தா யோசித்தார். வெளிச்சத்தக்காவை வரச் சொன்னார். அக்கா முத்திரையை எடுத்து வந்து, வாலில் தொங்கிய காகிதத் துண்டுகளில் ஒவ்வொன்றாக, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குத்தினார். குமாஸ்தா "இணைப்பு: மூன்று" என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள்.

"நிலத்தை வித்தவங்க பத்திரத்துக்குப் பதிலா நாளைக்கு இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தா, வாங்கினவங்க ஒத்துக்குவாங்களா?" என்றாள். "சரி, விடுங்க. நாளைக்கு நேர்காணல்ல அந்த நலவாழ்வு அதிகாரி கேள்வி கேட்பாரு. பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எச்சில் முழுங்குங்க. உங்க வாய்தான் உங்களுக்கு எமன். எழுத்து இப்பத்தான் வந்துச்சு, அதுவும் சேர்ந்துக்கிச்சு."

வெள்ளிக்கிழமை நேர்காணல். வாசல் இடத்துக்கு மூன்று பேர் கேட்டிருந்தோம்: மொட்டை, நெட்டை என்று ஒருவர், நான். மூவரின் விண்ணப்பத்திலும் வால் தொங்கியது. உள்ளே போன மொட்டை முகம் சிவந்து திரும்பி வந்தான்.

"என்னடா?"

"'பச்சைத் தேநீர் குடிக்கிறியா'ன்னாரு. குடிக்கிறேன்னேன். 'வலி எப்படி இருக்கு'ன்னாரு. அப்படியேதான் இருக்குங்கன்னேன். 'அப்ப நீ ஒளிஞ்சு காப்பி குடிக்கிறே'ன்னு சொல்லித் தள்ளிட்டாரு."

அதைக் கேட்டுவிட்டு நெட்டை தெம்பாக உள்ளே போனார். அவர் விவரமானவர். சீக்கிரமே வெளியே வந்தார். கழுத்தில் ஒரு மாலை, முகத்தில் களை இல்லை.

"வலி சுத்தமா போயிடுச்சுன்னு சொன்னேன்" என்றார். "மாலை போட்டாரு. 'வலிதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு வாசல் வேலை'ன்னு மூட்டைக்கே அனுப்பிட்டாரு. படம் வேற புடிச்சாங்க."

அடுத்தது என் முறை. வலிக்கிறது என்றால் திருடன். வலிக்கவில்லை என்றால் மூட்டை. மூன்றாவதாக ஒரு பதில் உலகத்தில் இருப்பதாக அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

உள்ளே அதிகாரி என் சான்றில் தொங்கிய வால்களை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேலாளர்.

"பாருங்க" என்று மேலாளரிடம் சொன்னார். "நாங்க கேட்கவே இல்ல. ஆனா தொழிலாளிங்க தாங்களா மருத்துவச் சான்றோட பச்சைத் தேநீரையும் சேர்த்துக் கொடுக்கிறாங்க. அதுவும் முத்திரை போட்டு! நாலே நாள்ல இப்படி ஒரு மனமாற்றம். நான் பல இடத்துல திட்டம் கொண்டுவந்திருக்கேன். எங்கயுமே என்ன சொல்றேன்னு புரிஞ்சு நடந்தவங்க இல்ல. இங்கதான் முதல்முறை."

மேலாளர் அடக்கமாகத் தலை குனிந்தார்.

"பெரியவரே, குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேங்க."

"வலி எப்படி இருக்கு?"

எச்சில் விழுங்கினேன். இன்னொரு முறை விழுங்கினேன்.

"உட்கார்ந்து குடிச்சா குறையுதுங்க ஐயா. நின்னுக்கிட்டுக் குடிச்சாத் தெரியல."

அதிகாரி பேனாவை எடுத்தார். "உட்கார்ந்து குடிச்சா" என்று தாளில் எழுதி அடிக்கோடு போட்டார். "இது புதுத் தகவல். எங்க ஆய்வுல இது வரல. இவரை உட்கார வச்சுக் கவனிக்கணும்" என்றார். "உட்கார்ற மாதிரி என்ன வேலை இருக்கு?"

"வாசல்" என்றார் மேலாளர்.

மறுவாரம் திங்கட்கிழமை நான் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாய்ந்தேன். எலும்புகள் இரண்டும் பல வருடத்துக்குப் பிறகு ஒன்றையொன்று விட்டு விலகின. லாரிகள் வந்தன, போயின. மூட்டையோடு போகும்போது மேஸ்திரி, "கலெக்டரே, வழி விடுங்க" என்று கும்பிடு போட்டார். கேன்டீன்காரர் ஒரு தம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். தடை நகல் எடுக்கிற காப்பிக்குத்தான் என்று தலைமை அலுவலகத்து முத்திரையே மாடியில் சாட்சி சொல்கிறது. அதனால் அவர் வழக்கம்போலக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பச்சைத் தேநீர்ப் பொட்டலங்களை அலுவலகம் நகலுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் நன்றாகக் குறைந்தன. எங்கள் கிடங்கில் ஆரோக்கியம் பெருகுகிறது என்று தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அந்த நாற்காலியில் நான் முழுதாக உட்கார்ந்தது ஒன்பது நாள்.

பத்தாம் நாள் அதிகாரி மறுபடி வந்தார். மறுபடி மூட்டை, மறுபடி விரிப்பு.

"முதுகுவலி இருக்கிற ஒவ்வொருத்தரையும் கவனிச்சோம்" என்றார். "வலி வந்ததும் எல்லாரும் எங்க போறாங்க? நாற்காலிக்கு! வலி எங்க இருக்கோ அங்க நாற்காலி இருக்கு. தொழிலாளிங்க பயன்படுத்துற இடத்துல இனி நாற்காலி கூடாது."

"ஐயா, உட்கார்ந்து குடிச்சா குறையுதுன்னு..." என்று நான் இழுத்தேன்.

"அது பழைய ஆய்வு, பெரியவரே."

சொல்லிவிட்டு அவர் மேலாளர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதை யாரும் கேட்கவில்லை. அது அலுவலர்கள் பயன்படுத்துகிற இடம்.

பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்த முறை வாயை நம்பவில்லை. வெளிச்சத்தக்காவை மாடியிலிருந்து வரச்சொல்லிப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து கூடாமல், ஒரு எழுத்து குறையாமல் எழுதினேன்:

இன்று முதல் தொழிலாளர் பகுதிகளில் நாற்காலி முழுவதும் தடை.

மேலாளர் கையெழுத்துப் போட்டார். படம் பிடித்தார்கள். எல்லோரும் போன பிறகும் நான் பலகையை விட்டு நகரவில்லை. நான் எழுதியதையே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாற்-காலி. நாலு கால். அப்படியானால் இது நாலு காலுக்குப் போட்ட தடை.

பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போனேன். அங்கே மரச்சட்டங்களைப் பழுது பார்க்கிற தச்சர் இருந்தார். எதற்கெடுத்தாலும் ஆப்பு அடிப்பார், அதனால் அவருக்கு ஆப்புக்காரர் என்று பெயர்.

"அண்ணே, இந்த நாற்காலியில ஒரு கால் குறைக்கணும்."

"எதுக்குய்யா? விழுந்து தொலைக்கவா?"

சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "படிக்காத வரைக்கும் நீ நல்லவனாத்தான்யா இருந்தே" என்றார். முன்னங்கால் இரண்டையும் கழற்றினார். நடுவில் ஒன்றை மட்டும் நட்டார். சாய்மானத்தைத் தொடவில்லை. ஆப்பை வைத்து ஓங்கி அடித்தார். "எத்தனையோ பேருக்கு மேல இருந்து ஆப்பு வச்சிருக்காங்க. கீழ இருந்து மேல வைக்கிறது இதுதான் முதல் தடவை."

மறுநாள் தடுப்புப் படை வந்தது. அதே இரண்டு பேர், பின்னால் அதிகாரி. என்னைப் பார்த்ததும் நின்றார்கள்.

"என்ன இது?"

"முக்காலிங்க."

ஒருவர் குனிந்தார். விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." சுவர்ப் பக்கம் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று மற்றவர் சுற்றிப் போய்ப் பார்த்தார். அங்கிருந்தும் மூன்றுதான். இரண்டு பேரும் பலகையைப் படித்தார்கள். பிறகு அதிகாரியைப் பார்த்தார்கள்.

"நாற்காலின்னுதாங்க போட்டிருக்கு. முக்காலிக்கு உத்தரவு இல்லீங்க."

அதிகாரி பலகை அருகே போனார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கீழே மேலாளரின் கையெழுத்து இருந்தது. மேலாளர் தப்புக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

"யார் எழுதினது இது?"

"நான்தாங்க."

"எழுத்துப் பிழை ஏதும் இல்லையே?"

எச்சில் விழுங்கினேன். தம்ளரில் மீதி இருந்த காபியையும் ஒரு வாய் விழுங்கினேன்.

"இந்தத் தடவை இல்லைங்க ஐயா" என்றேன், உட்கார்ந்தபடியே.